‘மறந்துடு’ என்று சொல்லாதவர்கள்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



இன்னைக்குக் காலையிலிருந்து கடன், சேமிப்பு, கருவாடு வியாபாரம், தையல் தொழில் என்று நிறைய பேர் நல்லாப் பேசினார்கள். நான் பேசப் போவது மனசைப் பற்றி. இன்னும் சரியாச் சொன்னால், அடிபட்ட மனசை ஆற்றுகிற வேலை செய்பவர்களைப் பற்றி. அரசாங்கக் காகிதத்தில் அவர்களை ஆற்றுப்படுத்துநர் என்று எழுதுகிறார்கள். இங்கிலீஷில் கவுன்சிலர். நம்ம ஊரில் கவுன்சிலர் என்றால் தெருவிளக்கு எரியலைன்னு போய்ச் சொல்வோமே, அவரைத்தான் நினைப்போம். அவர் வேற, இவர் வேற. நான் என் வாழ்க்கையில் இப்படி இரண்டு பேரைப் பார்த்திருக்கேன். ஒருத்தர் எனக்காக வந்தவர். இன்னொருத்தர் எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்காக. அந்த இரண்டு கதையையும் சொல்லிவிட்டு, கடைசியில் நம்ம கூட்டமைப்பிடம் மூன்று விஷயம் கேட்கப் போகிறேன்.

முதல் கதை உங்களில் பாதிப் பேருக்கு உங்கள் கதையும்தான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி. காலை 9 மணி வாக்கில் கடல் உள்ளே வந்தது. நம்ம நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அப்போ மயிலாடுதுறையும் நம்ம மாவட்டத்தோடுதான் இருந்தது. நான் ஒன்பதாவது படிச்சுக்கிட்டு இருந்தேன். அம்மா மீன் ஏலத்துக்குக் கரைக்குப் போயிருந்தார்கள். என் தம்பிக்கு ஆறு வயசு. சத்தம் கேட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மாரியம்மன் கோயில் தாண்டும்போது தண்ணி இடுப்புக்கு வந்தது, அப்புறம் தலைக்கு மேல் வந்தது. எப்போ அவன் கை என் கையில் இல்லாமல் போச்சு என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு தென்னை மரத்தில் மாட்டிக்கிட்டேன். அம்மாவும் பிழைச்சாங்க. தம்பி மூணாம் நாள் கிடைத்தான்.

முதலில் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். அப்புறம் தார் ஷீட் போட்ட தற்காலிக வீடு. பகலில் அதற்குள் உட்கார முடியாது, அப்படி வேகும். வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் நல்லது நினைத்துத்தான் சொன்னார்கள். ‘அழாதடி, நீ அழுதா உங்கம்மா தாங்க மாட்டா.’ ‘கடலம்மா எடுத்துக்கிட்டா, நாம என்ன பண்றது.’ ‘மறந்துட்டுப் படிக்கிற வேலையைப் பாரு.’ நானும் அழவில்லை. அழாததோடு பேசுவதும் நின்று போச்சு. ராத்திரி காலில் செருப்பைப் போட்டுக்கிட்டே படுப்பேன், எழுந்து ஓடணுமே. தலைக்குத் தண்ணி ஊத்தினால் மூச்சு நின்னுபோற மாதிரி இருக்கும். அதனால் குளிக்க மாட்டேன். ஒரு மாசத்தில் தலையெல்லாம் சிக்கு. அப்பாயி எனக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க. பாவம், அவங்களுக்குத் தெரிந்தது அதுதான்.

அப்போதான் ஒரு அக்கா வந்தார். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசு இருக்கும். சமூகப்பணி படித்துவிட்டு, தனியாகப் பயிற்சி எடுத்து வந்தவர். இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்று பெரிய மனநல மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 1999-ல் ஒடிசாவில் பெரும் புயல் அடித்தபோதும், 2001-ல் குஜராத்தில் பூகம்பம் வந்தபோதும் அவர்கள் போய் வேலை செய்தவர்கள். அங்கெல்லாம் ஒன்று புரிந்திருக்கிறது. இவ்வளவு பேர் மனசுக்கு வைத்தியம் பார்க்க டாக்டர்கள் மட்டும் போதாது. ஊருக்குள் இருக்கிற சாதாரண ஆட்களுக்கும் எப்படிக் கேட்பது, எப்படித் துணையாக இருப்பது என்று சொல்லிக்கொடுக்கணும். அதைத்தான் சுனாமி ஊர்களிலும் செய்தார்கள்.

அந்த அக்கா முதல் நாள் என்னிடம் ஒண்ணுமே கேட்கவில்லை. பேரைச் சொன்னார், பக்கத்தில் உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் இருந்துட்டு, ‘நான் வியாழக்கிழமை வருவேன்’னு சொல்லிட்டுப் போனார். சொன்ன மாதிரி வியாழக்கிழமை வந்தார். அந்த நேரத்தில் எங்களைப் பார்க்க எத்தனையோ பேர் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், ‘தம்பி எப்படிப்பா செத்தான்’னு கேட்டு எழுதிக்கிட்டார்கள், திரும்ப வரவே இல்லை. சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்த ஒரே ஆள் அவர்தான். வேறு எதுவும் செய்யாவிட்டாலும் அதுவே பெரிய வைத்தியம் என்று இப்போ தோன்றுகிறது. எல்லாமே ஒரு நொடியில் போய்விடும் என்று பார்த்த பிள்ளைக்கு, ஏதோ ஒண்ணு சொன்னபடி நடக்குதுன்னு காட்டணும் இல்லையா?

சார்ட் பேப்பரும் கலர் கிரேயானும் கொண்டு வருவார். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து வரையச் சொல்வார். எல்லாப் பிள்ளையும் அலையைத்தான் வரைந்தது. நான் பேப்பர் முழுக்கக் கறுப்பாத் தீட்டுவேன். ‘ஏன் கறுப்பு’ன்னு கேட்க மாட்டார். ‘இன்னொரு பேப்பர் வேணுமா?’ன்னுதான் கேட்பார்.

தண்ணிக்கு அவர் செய்த வைத்தியத்தை எப்பவும் மறக்க மாட்டேன். ஒரு குவளையில் தண்ணி வைத்து, ‘இதை நீயே எடுத்து உன் கால் விரல்ல ஊத்து. எப்ப நிறுத்தணும்னு நினைக்கிறியோ அப்ப நிறுத்திடு’ன்னார். முதல் வாரம் விரல். அடுத்து பாதம். அப்புறம் முழங்கால். பயம் வந்தால் நிறுத்தி, மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்வார், நிலத்தில் இரண்டு காலையும் அழுத்தச் சொல்வார், சுற்றிப் பார்த்து கண்ணில் படுவதில் ஐந்து பொருளின் பேரைச் சொல்லச் சொல்வார். ஏழெட்டு வாரம் கழிச்சு நானே தலைக்கு ஊத்திக்கிட்டேன். அன்னைக்கு அப்பாயி என் தலையில் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, அழுதுக்கிட்டே பின்னிவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் எனக்கு வாய் வந்தது. ஒரு நாள் நானாகவே சொன்னேன். ‘அக்கா, கையை விட்டது நான்தான்.’ அம்மாவிடம்கூடச் சொல்லாத சொல் அது. வேறு யாராக இருந்தாலும் உடனே, ‘சீ, அப்படியெல்லாம் சொல்லாத, உன் தப்பு இல்ல’ன்னு வாயை அடைத்திருப்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒவ்வொண்ணாக் கேட்டார். ‘தண்ணி எவ்ளோ ஒசரம் இருந்துச்சு? உன் வயசு என்ன? பக்கத்துல யாரு யாரு ஓடி வந்தாங்க? அவங்க புடிச்ச கையெல்லாம் என்னாச்சு?’ நான் சொல்லிக்கிட்டே வந்தேன். எங்க பெரியப்பா, கட்டுமரத்தை ஒத்தை ஆளாத் தள்ளுற ஆள், அவர் கையிலிருந்த பிள்ளையும் போயிருந்தது. அதைச் சொல்லும்போதே எனக்கு உறைத்தது. பெரியப்பா மேல் நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லையே, என் மேல் மட்டும் ஏன்? அன்னைக்குத்தான் என் தம்பிக்காக முதல்முதலா அழுதேன்.

என் தப்பு இல்லை என்று அவர் எனக்குச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நானே கண்டுபிடிக்கிற மாதிரி கூடவே நடந்து வந்தார். அவர்கள் படித்த படிப்பு அதுதான்.

ஒரு வருஷம் கழித்து அவருக்கு வேறு இடத்தில் வேலை. அதைக்கூட ஒரு மாசம் முன்னாடியே சொல்லி, வாரா வாரம் ஞாபகப்படுத்தி, கடைசி நாள் எல்லாப் பிள்ளைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் போனார். சொல்லாமல் போனவர்களால் அடிபட்ட பிள்ளைகள் நாங்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்றும் சொல்லணும். ஒரு நாள் அவர் ஷெட்டுக்குப் பின்னால் நின்று தனியாக அழுததைப் பார்த்திருக்கேன். அவருக்கும் மேலே ஒரு அம்மா இருந்தார். வாரம் ஒருமுறை வந்து, இவர்களையெல்லாம் உட்காரவைத்து, நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்பார். ஆறுதல் சொல்றவங்களுக்கும் ஆறுதல் வேணும். நான் மறுபடி பள்ளிக்கூடம் போனேன், பத்தாவது பாஸ் பண்ணினேன். அந்த அக்கா இப்போது எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும்.

இனி இரண்டாவது கதை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதற்காகத்தான் மேடைக்கு வந்தேன். அந்த அக்காவிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன அளவுக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். மூணு வருஷத்துக்கு முன்னால் எங்கள் உறுப்பினர் அக்கா ஒருவர் மகளோடு ஷேர் ஆட்டோவில் வரும்போது விபத்து. மகள் போய்விட்டாள். அக்காவுக்குக் கையில் எலும்பு முறிவு மட்டும். காரியம் எல்லாம் முடிந்தது. நாங்களும் குழுவாகப் போய் மாலை போட்டோம், வாய்க்கரிசி போட்டோம். அதற்கப்புறம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், நாலு வாரம். குழு விதிப்படி வராதவருக்கு அபராதம் 10 ரூபாய். நான் என் கையால் நாலு தடவை அவர் பேருக்கு நேராக அபராதம் எழுதினேன். தவணையும் நின்றது. ஒருத்தர் தவணை நின்றால் வங்கியில் எல்லார் பேரும் கெடும் என்ற பயம். ஐந்தாவது வாரம் நாங்கள் நாலு பேர் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம்.

கொல்லைப்பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் அடுப்பு எரியவில்லை. தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டதும் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. அதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘விடுக்கா. நடந்தது நடந்துபோச்சு. இன்னொரு புள்ள இருக்குல்ல, அதைப் பாரு. மறந்துட்டு எழுந்து வா.’

என்னிடம் எந்தச் சொல்லைச் சொல்லி என் வாயை அடைத்தார்களோ, அதே சொல். தண்ணியை ஊத்தப் பயந்த நானே, ஆட்டோ சத்தத்துக்குப் பயந்த ஒருத்தியைப் பார்த்துவிட்டு, தவணையைப் பற்றிப் பேசினேன்.

அடுத்த வாரம் அந்த அக்கா உயிரை விடத் துணிந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்து, 108-ஐக் கூப்பிட்டுக் காப்பாற்றினார்கள். எங்கள் மேல் யாரும் பழி போடவில்லை. அவர்கூடப் போடவில்லை. ஆனால் அந்த நாலு அபராதமும் என் கையெழுத்தில் இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் உடம்பு தேறியதும் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘பைத்தியம்னு பேரு வந்துட்டா இருக்கிற பையனுக்கு யாரு பொண்ணு குடுப்பா’ன்னு கேட்டார். போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயம் வேறு. அங்கிருந்த நர்ஸ் அம்மாதான் விளக்கினார். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, இப்படிச் செய்த ஒருவரைத் தாங்க முடியாத மன அழுத்தத்தில் இருந்தவர் என்றுதான் எடுத்துக்கொள்ளணும், தண்டிக்கக் கூடாது, அவருக்கு வைத்தியமும் பராமரிப்பும் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. அதைக் கேட்டுத்தான் அண்ணன் சம்மதித்தார். நானும் கூட வர்றேன்னு சொன்னேன். இரண்டு பஸ் மாறிப் போகணும். முதல் மூன்று மாசம் வாரா வாரம் போனோம்.

அங்கே டாக்டர் மருந்து எழுதினார், தூக்கம் வருவதற்கும் மனச்சோர்வுக்கும். பேசுவதற்கு ஒரு அம்மா இருந்தார், மனநல ஆலோசகர். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. ஆனால் அக்கா வழியில் பஸ்ஸில் சொன்னதையும், அந்த ஆலோசகர் எனக்கு விளக்கியதையும் சொல்கிறேன்.

இதற்கு ஒரு பேர் இருக்கிறது. பேரிடர், விபத்து, வன்முறை, பலாத்காரம் இப்படி உயிருக்கே ஆபத்தான ஒன்றைச் சந்தித்த பிறகு, சிலருக்கு மனசு அந்த இடத்திலேயே நின்றுவிடும். கெட்ட கனவு வரும். அந்தச் சம்பவம் இப்போது நடப்பது மாதிரியே திரும்பத் திரும்ப வரும். அதை ஞாபகப்படுத்துகிற இடம், சத்தம், வாசனை எல்லாவற்றையும் விட்டு ஒதுங்குவார்கள். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். அமெரிக்காவில் வியட்நாம் போருக்குப் போய் வந்த சிப்பாய்கள் பட்ட பாட்டையும், வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் பட்ட பாட்டையும் பார்த்துத்தான், 1980-ல் மருத்துவர்கள் இதை ஒரு நோயாகப் புத்தகத்தில் ஏற்றினார்கள். அதற்கு முன்னால் சிப்பாயைக் கோழை என்றார்கள், பெண்ணை நடிக்கிறாள் என்றார்கள். நம்ம ஊரில் பேய் என்றோம்.

எல்லாருக்கும் இது வருவதில்லை. நிறைய பேர் சொந்தபந்தத்தின் ஆதரவோடு நாளாவட்டத்தில் தானாகவே தேறிவிடுவார்கள். ஆனால் ஒரு மாசத்துக்கு மேலும் இதெல்லாம் குறையாமல் இருந்தால், அதற்குத் தெரிந்தவர்களிடம் கூட்டிக்கொண்டு போகணும். உயிரை விட்டுடலாம்னு பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அது அக்காவின் பலவீனம் இல்லை. கை எலும்பு முறிந்தபோது மாவுக்கட்டுப் போட்டோமே, ‘மறந்துடு’ன்னா சொன்னோம்?

வைத்தியம் மூன்று படியாக நடந்தது. அமெரிக்காவில் ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992-ல் எழுதிய புத்தகத்தில் இப்படி மூன்று படி சொல்லியிருக்கிறாராம். முதலில் பாதுகாப்பு. தூக்கம், சாப்பாடு, வீட்டில் தனியாக விடாமல் இருப்பது, உயிருக்கு ஆபத்தானதை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவது. இரண்டாவது, நடந்ததை நினைத்துப் பார்த்து, இழந்ததற்காக அழுவது. மூன்றாவது, மறுபடி மனுஷர்களோடு சேர்வது. முதல் படி ஏறாமல் இரண்டாவதுக்குப் போகக் கூடாது. சம்பவம் நடந்த சூட்டோடு ஒருத்தரை உட்கார வைத்து, ‘என்ன நடந்துச்சு, முழுசாச் சொல்லு, சொன்னா பாரம் குறையும்’னு தோண்டுவது நல்லதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. சொல்லும்போது கேட்கணும், சொல்ல வைக்கக் கூடாது. துக்க வீட்டுக்குப் போகிற நாம் இதை ஞாபகம் வைத்துக்கணும்.

அக்காவுக்கு அந்த விபத்து நடந்த வளைவைத் தாண்ட முடியாது. பஸ் அங்கே வந்தால் கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்துவிடுவார், உடம்பெல்லாம் வேர்த்துவிடும். ஆலோசகர் அவரோடு சேர்ந்து ஒரு ஏணி போட்டார். எது குறைந்த பயம், எது பெரிய பயம் என்று அக்காவையே வரிசையாகச் சொல்ல வைத்தார். முதலில் ஆட்டோ சத்தத்தை மெதுவாகக் கேட்பது. அப்புறம் நிற்கிற ஆட்டோவில் உட்கார்ந்து எழுந்திருப்பது. அப்புறம் பஸ்ஸில் கண்ணைத் திறந்துகொண்டு வளைவைத் தாண்டுவது. எனக்குக் கேட்டதும் குவளைத் தண்ணி ஞாபகம் வந்தது. பதினேழு வருஷம் கழித்து, வேறு ஆள், வேறு ஊர், அதே வைத்தியம். அப்போதான் புரிந்தது, அந்த அக்கா செய்தது வெறும் அன்பு மட்டும் இல்லை, படித்துத் தெரிந்துகொண்ட முறை என்று. அன்பும் இருந்தது, முறையும் இருந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆகாது.

ஏழு மாசம் கழித்து ஒரு புதன்கிழமை அக்கா குழு கூட்டத்துக்கு வந்தார். கையில் மகள் போட்டோ. வந்து உட்கார்ந்து, அவள் எப்படிச் சிரிப்பாள், கருவாட்டுக் குழம்பு என்றால் எத்தனை தட்டு சாப்பிடுவாள் என்றெல்லாம் சொன்னார். நாங்கள் யாரும் பேச்சை மாற்றவில்லை. அவர் மகளை மறக்கவில்லை. மறந்ததால் எழுந்து வரவில்லை, நினைக்க முடிந்ததால்தான் எழுந்து வந்தார். அன்னைக்கே தீர்மான நோட்டில் எழுதி அந்த நாலு அபராதத்தையும் நீக்கினோம். 40 ரூபாய்தான். நான் அதை அடித்து எழுதும்போது என் கை நடுங்கியது.

நாம டாக்டரும் இல்லை, படித்த ஆலோசகரும் இல்லை, நம்மால் என்ன முடியும் என்று கேட்கலாம். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர். அவரிடம் வைத்தியம் பார்த்த ஒரு பெண் உயிரை விட்டுவிட்டாள். ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரவில்லை என்று கேட்டால், பஸ்ஸுக்குக் காசு இல்லை என்று அவள் அம்மா சொன்னாராம். அதன் பிறகு 2006-ல் அவர் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார். மனசு கஷ்டம் என்று வருகிறவர்கள் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். அவர்களுக்கு அது உண்மையிலேயே பலன் தருகிறது என்று 2016-ல் ஆராய்ச்சி செய்து மருத்துவப் பத்திரிகையில் போட்டார்கள். நம்ம சென்னையிலும் 1986-லிருந்து சினேகா என்ற அமைப்பில், பயிற்சி எடுத்த சாதாரண ஆட்கள்தான் தற்கொலை எண்ணத்தோடு கூப்பிடுகிறவர்களிடம் பேசுகிறார்கள். பாட்டிகளால் முடியும் என்றால், வாரா வாரம் வட்டமாக உட்கார்கிற நம்மால் முடியாதா?

ஆனால் நம்ம எல்லை எது என்று தெரிந்திருக்கணும். பேரிடர் நேரத்தில் மனசுக்குச் செய்கிற முதலுதவி என்று 2011-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு கையேடு போட்டது. அதில் மூன்று வேலைதான். பார், கேள், சேர்த்துவிடு. யாருக்கு உதவி தேவை என்று பார்க்கணும். அவர் சொன்னால் பொறுமையாகக் கேட்கணும். அதற்கு மேல் வேண்டியதை உரியவர்களிடம் சேர்த்துவிடணும். வைத்தியம் செய்வது நம் வேலை இல்லை. கேட்டதை வெளியே சொல்வது பாவம். குழுவில் சொன்னது தெருவில் வந்தால், அடுத்து ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சாமி கும்பிடுவதையும் கயிறு கட்டுவதையும் நான் வேண்டாம்னு சொல்லவில்லை. என் அப்பாயி கட்டின கயிறும் அன்புதான். ஆனால் வைத்தியத்தை விட்டுவிட்டு, மனநலம் சரியில்லாதவரைக் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் பார்த்தோம். கொட்டகையில் தீப்பிடித்து, ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள்.

இப்போது என் மூன்று வேண்டுகோள்.

ஒன்று. ஒரு உறுப்பினர் தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை என்றால், அபராதம் எழுதுவதற்கு முன்னால் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போகணும். நோட்டு இல்லாமல் போகணும். சாவு, விபத்து, வீட்டில் அடி உதை என்று ஏதாவது இருந்தால் அபராதம் கிடையாது, தவணைக்கு அவகாசம் உண்டு என்று எல்லாக் குழுவும் தீர்மானம் போடணும்.

இரண்டு. கூட்டமைப்பு நிதியில் ஒரு சின்னத் தொகையைத் துணைக்குப் போகிறவர்களின் பஸ் செலவுக்கும், அன்றைய கூலி இழப்புக்கும் ஒதுக்கணும். எங்கள் அக்கா மருந்தால் பிழைத்தார், ஆலோசகரால் பிழைத்தார். ஆனால் அந்த இரண்டு பஸ்ஸில் கூட உட்கார ஒரு ஆள் இல்லாவிட்டால் அங்கே போயே சேர்ந்திருக்க மாட்டார். துணை இல்லாமல் பாதி வழியில் நின்றுபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

மூன்று. ஒவ்வொரு குழுவின் வருகைப் பதிவேட்டின் உள்அட்டையிலும் இந்த எண்களை எழுதி வைக்கணும். 14416, இது 2022-ல் தொடங்கிய மனநல உதவி எண். நம்ம தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பேரில் நடக்கிறது, தமிழில் பேசலாம், காசு கிடையாது. 104, மருத்துவ ஆலோசனைக்கு. 181, பெண்களுக்கான உதவி எண். வீட்டில் அடிபடுகிற பெண்ணுக்கு இதன் வழியாகத் தங்குமிடமும் ஆலோசனையும் சட்ட உதவியும் கிடைக்க வழி உண்டு. 1098, பிள்ளைகளுக்கு. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று நம்ம கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு அதையும் எழுதணும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் பிரஷர் மாத்திரை கொண்டுபோகிற நம்ம உறுப்பினர்களும், ஒரு நிமிஷம் நின்று ‘தூங்குறீங்களா, சாப்பிடுறீங்களா’ன்னு கேட்டால் போதும், பல வீட்டுக் கதவு திறக்கும்.

மேடையில் இருக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. எங்களுக்குக் கணக்கு எழுதப் பயிற்சி கொடுத்தீர்கள், தொழில் பயிற்சி கொடுத்தீர்கள். துக்கப்பட்டவரிடம் எப்படிப் பேசுவது, எதைப் பேசக் கூடாது என்று ஒரு நாள் பயிற்சியும் கொடுங்கள். சுனாமி நேரத்தில் நம்ம ஊருக்கு வந்த அந்தப் படிப்பு, அந்தக் கூடாரங்களோடு பிரித்து எடுத்துப் போகப்படாமல் நம்ம ஊரிலேயே தங்கணும்.

வருஷா வருஷம் டிசம்பர் 26 அன்னைக்கு நான் கடற்கரைக்குப் போவேன். பாலும் பூவும் விடுவேன். என் மகனையும் கூட்டிக்கொண்டு போவேன். அலை கிட்டே வரும்போது இப்பவும் என் கை அவன் கையை ஒரு பிடி இறுக்கிப் பிடிக்கும். அது போகாது. போகணும்னும் இல்லை. ஆனா நான் அந்த இடத்தில் நிற்க முடிகிறது, தம்பி கதையை என் மகனுக்குச் சொல்ல முடிகிறது. சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அக்காவால்தான்.

எங்கள் குழுவில் அந்த அக்கா இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சேமிப்புப் பணம் எண்ணிக் கொடுக்கிறார். இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல மாட்டேன்.